முதுகுக்குப் பின்னால் ல்யுப்கா

ல்யுப்கா என்னோடு பேசுவதை நிறுத்திய பிறகுதான் எங்கள் கூடைப்பந்து டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் ப்ரேஸ்யே ஊர்க்காரர்களைக் கேட்டால், எல்லாம் கோச் க்வோஸ்தென் கொண்டுவந்த புது ஆட்டமுறையால் வந்தது என்பார்கள். அவரும் இல்லை என்று மறுக்க மாட்டார். நல்ல பெயர் தானாக வரும்போது யார் வேண்டாம் என்பார்கள்?

அந்த ஆட்டமுறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். முதுகு ஸ்கிரீன் என்போம். பந்து என்னிடம் இருக்காது. எதிரணியில் என்னைக் காவல் காக்கிறவள் என் முகத்தைப் பார்த்தபடி, தன் கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அப்போது ல்யுப்கா கூடைக்கு அடியிலிருந்து சத்தமில்லாமல் ஏறி வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி, காலை அகட்டி, கையை மார்போடு மடக்கி நின்றுவிடுவாள். அந்த ஓர் அடி இடம் விடாவிட்டால் நடுவர் விசில் ஊதுவார். நின்ற பிறகு அசைந்தாலும் ஊதுவார். நான் சட்டென்று கூடையை நோக்கிக் கிளம்புவேன். என்னைத் துரத்தத் திரும்புகிறவள் ல்யுப்காவின் மேல் போய் மோதுவாள். நான் கூடைக்கு அடியில் தனியாக நிற்பேன், பந்தை வைத்திருக்கும் எங்கள் ஸ்தமேனா அதை என்னிடம் தூக்கிப் போடுவாள், இரண்டு பாயிண்ட்.

சொல்ல எளிது. ஆனால் இதில் பாதி டீம்கள் தோற்றுப்போவது கண்ணால்தான். ஸ்கிரீன் போட வருகிறவளை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவார்கள். எதிரே நிற்பவள் முட்டாள் இல்லையே, இவள் எங்கே பார்க்கிறாள் என்று அவளும் திரும்புவாள், அவ்வளவுதான். நானும் ல்யுப்காவும் முன்பு அப்படித்தான் மாட்டிக்கொள்வோம். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக ஆடுகிறவர்கள், கண்ணாலேயே பேசிப் பழகிவிட்டோம்.

நவம்பருக்குப் பிறகு அந்தக் கவலை இல்லாமல் போனது. அவள் என்னைப் பார்ப்பதே இல்லை. நானும் அவள் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. அவள் எங்கே வருவாள், எப்போது வருவாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும், அதற்குப் பேச்சு தேவையில்லை. எங்கள் முகத்தைப் பார்த்து எதிரணிக்காரி ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. முகத்தில் இருந்தது வெறும் கோபம்தான்.

சண்டைக்கான காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை.

ல்யுப்கா எனக்கு குமா. என் கல்யாணத்தில் எனக்குச் சாட்சியாக நின்றவள். அப்படி நின்றவள்தான் பிறக்கிற பிள்ளையை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்த வேண்டும். கூடப்பிறந்தவளோடு சண்டை போடலாம், நாலு நாளில் சரியாகிவிடும். குமாவோடு அப்படியெல்லாம் விளையாட முடியாது.

நவம்பரில் எங்கள் வீட்டு ஸ்லாவா வந்தது. என் கணவர் ஓக்னென் குடும்பத்தின் புனிதருக்கான நாள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கிற வழக்கமில்லை. வர வேண்டியவர்கள் வருவார்கள், வந்தவர்களை உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். ஆனால் அந்த வருஷம் நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தோம். டீமில் மற்றவர்களுக்கு வீடு தெரியாது. அதனால் ஒவ்வொருத்திக்கும் போன் போட்டு வழி சொன்னேன். ல்யுப்காவுக்குப் போடவில்லை. எதற்குப் போட வேண்டும்? என் சோபாவை நாலு மாடி முதுகில் தூக்கி வந்தவளே அவள்தான். அதற்கும் மேல், குமாவைப் போய் ஸ்லாவாவுக்குக் கூப்பிடுவதா? நீ வேற்றாள் என்று மூஞ்சியில் அடித்துச் சொல்வதற்குச் சமம்.

ஸ்தமேனா ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறாள். வாய் சும்மா இருக்காது. ல்யுப்கா ரொட்டி வாங்கப் போனபோது, "எனக்கு திங்கட்கிழமையே துன்யா போன் பண்ணிட்டா, உனக்கு எப்ப பண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். ல்யுப்கா ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்லாவா அன்று காலையிலிருந்து மேஜையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று, பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டிவிட்டுப் போயாயிற்று, கோஸில் சுருட்டிய இறைச்சி ஆறிப்போயிற்று. எல்லோரும் வந்தார்கள். குமா வரவில்லை. என் மாமியார் அந்த நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டார். அன்றைக்கு நான் சமையலறையில் நின்று அழுதேன். அழுதது ஓக்னென்னுக்கு மட்டும் தெரியும்.

அடுத்த பயிற்சிக்கு அவள் வந்தாள். நான் வணக்கம் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. உடை மாற்றும் அறையில் ஸ்தமேனாவிடம் சத்தமாகச் சொன்னாள்.

"அவகிட்ட சொல்லு, ஊரையே கூப்பிடத் தெரிஞ்சவளுக்கு என் நம்பர் மட்டும் தெரியலையான்னு."

"நீயும் அவகிட்ட சொல்லு," என்றேன் நான், "குமாவுக்குப் பத்திரிகை அடிச்சுக் குடுக்கணும்னு எனக்குத் தெரியாம போச்சுன்னு."

ஸ்தமேனா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் கேட்டுச்சுல்ல? அப்ப நான் சொல்லத் தேவையில்ல," என்றாள்.

தேவையிருந்தது. அன்றிலிருந்து ஏப்ரல் வரை அவள் வேலையே அதுதான். அவள் வாயால் வந்த சண்டை, அவளே சுமக்கட்டும் என்று நானும் இரக்கப்படவில்லை.

அந்தச் சனிக்கிழமை எங்களைவிட மேலே இருந்த டீமை ஜெயித்தோம். அடுத்த வாரமும் ஜெயித்தோம். முதுகு ஸ்கிரீனில் மட்டும் நான் போட்ட பாயிண்ட், முந்தைய சீசன் முழுவதும் போட்டதைவிட அதிகம். எங்கள் கேப்டன் எங்கள் இருவரையும் காபிக்கு அழைத்துச் சமாதானம் செய்யப் பார்த்தாள். கோச் அவளைத் தனியே கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார். க்வோஸ்தென் பகலில் பள்ளியில் ரசாயனம் எடுக்கிறவர். எதோடு எதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்க்கிற புத்தி அவருக்கு எப்போதும் உண்டு. எங்களிடம் நேராகவே வந்தார்.

"உங்க சொந்த விஷயத்துல நான் தலையிட மாட்டேன். ஆனா ஒண்ணு, சீசன் முடியற ஏப்ரல் வரைக்கும் சமாதானம் ஆயிடாதீங்க."

"அவகிட்டயும் சொல்லுங்க," என்றேன்.

"பாரு, இதத்தான் சொல்றேன். அருமை!" என்றார் அந்த மனுஷன்.

தற்காப்பில் கதை தலைகீழ் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. தாக்குதலில் முதுகு ஸ்கிரீனுக்கு மௌனம் வேண்டும். தற்காக்கும்போது வாய் வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் வருகிற ஸ்கிரீனை நான் எப்படிப் பார்ப்பேன்? அதைப் போட வருகிறவளைக் காவல் காக்கிறவள்தான் பார்க்க முடியும். அவள்தான் "பின்னாடி வருது, இடது பக்கம்" என்று கத்த வேண்டும். எங்கள் டீமில் எதிரணியின் உயரமானவளைக் காவல் காப்பது ல்யுப்கா.

அவள் கத்தாமல் இல்லை. நியாயத்தைச் சொல்ல வேண்டும், அவள் வேண்டுமென்று என்னை மாட்டிவிடவில்லை. ஸ்தமேனாவிடம் கத்தினாள்.

"ஸ்தமேனா! அவளுக்கு இடது பக்கம் ஸ்கிரீன் வருதுன்னு சொல்லு!"

"துன்யா! இடது பக்கம்..."

அதற்குள் நான் தரையில் கிடப்பேன். எனக்கு மேலே கூரை விளக்குகள் தெரியும். நான் காவல் காத்தவள் கூடையில் பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிக்கொண்டிருப்பாள்.

டிசம்பரிலும் ஜனவரியிலும் அது எப்போதாவதுதான் நடந்தது. பிப்ரவரியில் விஷயம் வெளியே கசிந்தது. எங்கள் பக்கத்து ஊர் ராவ்னாவின் டீமில் இஸ்க்ரா என்று ஒருத்தி, லீகிலேயே வேகமான கால். அவளுடைய பெரியம்மா ஸ்தமேனாவின் கடையில் ரொட்டி வாங்குகிறவர். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரே மாதத்தில் லீக் முழுக்கத் தெரிந்துவிட்டது, ப்ரேஸ்யேவில் ஏழாம் நம்பரும் பதினைந்தாம் நம்பரும் பேசிக்கொள்வதில்லை என்று. எல்லா டீமும் முதுகு ஸ்கிரீனைப் பிடித்துக்கொண்டன. அதுவரை அந்த ஆட்டத்தின் பெயரே தெரியாத டீம்கள்கூட என் முதுகில் வந்து நின்றன.

ஜெயித்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கரைந்தது. எனக்கு விலா எலும்பில் வீக்கம். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். நாள் முழுக்க "கண்ணாடியப் பாரு, பின்னாடி என்ன வருதுன்னு பாரு" என்று கத்துகிறவள். சனிக்கிழமையானால் பின்னால் வருவது தெரியாமல் அடிபடுகிறேன் என்று என் மாணவர்கள் கேலி செய்தார்கள். ஒரு பையன் கேரேஜிலிருந்து பழைய ஸ்கூட்டர் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான், தோளில் மாட்டிக்கொள்ள. அவனை அடுத்த வாரம் முழுக்க ரிவர்ஸ் மட்டும்தான் போட வைத்தேன்.

விலா வலியை நான் தாங்கிக்கொண்டேன். வீட்டில் நடந்தது வேறு.

என் மகள் லெங்காவுக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது. இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. முதலில் வீடு மாறட்டும் என்று தள்ளிப்போட்டோம். பிறகு குமா பேசுவதில்லை என்று தள்ளிப்போனது. மார்ச்சில் மாமியார் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"வாயத் தொறக்காத குமாவுக்காக என் பேத்தி எத்தன நாள் காத்திருக்கணும்? ஈஸ்டர் முடிஞ்ச மறு ஞாயித்துக்கிழமை வச்சாச்சு. பாதிரியார்கிட்ட பேசிட்டேன். ஓக்னென்னோட சித்தப்பா மக ஏந்திக்குவா."

"குமாவ மாத்த முடியாதும்மா," என்றார் ஓக்னென்.

"வராதவள என்னடா மாத்துறது? அந்த இடம் காலியாத்தானே கெடக்கு."

ஓக்னென் என்னைப் பார்த்தார். "நீ ஒரு வார்த்தை பேசேன், துன்யா. ஒரே ஒரு வார்த்தை."

"நான் ஏன் பேசணும்? நாற்காலி போட்டு வச்சது நான். வராம இருந்தது அவ."

அவர் பெருமூச்சு விட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். குமாவை மாற்றினால் மாற்றியதுதான். அதற்குப் பிறகு ல்யுப்காவைத் தெருவில் பார்த்தாலும் தலையாட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் நம்பரை அழுத்த விரல் போகவில்லை. வீம்பு என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். அவளுக்கும் தேதி தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ரொட்டிக் கடை இருக்கிறதே.

சீசனின் கடைசி ஆட்டம் ஞானஸ்நானம் வைத்த ஞாயிறுக்கு முந்தைய நாள் மாலை வந்தது. எங்கள் ஹாலில், ராவ்னாவோடு. ஜெயிக்கிற டீம் இரண்டாம் லீகில் இருக்கும், தோற்கிற டீம் மூன்றாவதுக்கு இறங்கும். பள்ளி ஹால் நிரம்பி, ஜிம்னாஸ்டிக்ஸ் ஏணிகளில்கூட ஆட்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாதியில் இஸ்க்ரா என்னைத் தாண்டி நான்கு முறை போனாள். நான்கும் முதுகு ஸ்கிரீன். ராவ்னாவின் நெட்டைப் பெண் ஒருத்தி, தோள் இரண்டும் அலமாரிக் கதவு அகலம், என் பின்னால் வந்து நிற்பாள். ல்யுப்கா ஸ்தமேனாவிடம் கத்துவாள். ஸ்தமேனா என்னிடம் கத்துவாள். பார்வையாளர்களில் சிலரும் சேர்ந்துகொண்டு, "துன்யாகிட்ட சொல்லு! துன்யாகிட்ட சொல்லு!" என்று பாட்டாகவே பாட ஆரம்பித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள்தான். அவர்கள் வாயில் புண் வர.

ஆனால் அந்தப் பக்கம் எங்கள் முதுகு ஸ்கிரீனும் வேலை செய்தது. ல்யுப்கா பகலில் கால்நடை மருத்துவரிடம் வேலை செய்கிறவள். டாக்டர் ஊசி போட்டு முடிக்கும்வரை மாட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். அவள் ஸ்கிரீன் போட்டால் தாண்டிப்போக முடியாது. ஒருமுறை இஸ்க்ரா அவள் மேல் மோதி உட்கார்ந்தே விட்டாள். நான் கூடைக்கு அடியில் பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது ல்யுப்காவைக் கடந்து ஓடினேன். கை தட்டிக்கொள்ளும் தூரம். இருவரும் கையைக் கீழேயே வைத்துக்கொண்டோம். அந்த நிமிஷம் எனக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

கடைசியில் நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். பந்து அவர்களுக்கு. ஆட்டம் முடிய சில விநாடிகளே இருந்தன. கோச் டைம் அவுட் கேட்டு எங்களைச் சுற்றி நிறுத்தினார். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"பந்து இஸ்க்ராவுக்குத்தான் வரும். துன்யா முதுகுல ஸ்கிரீன் வரும். இது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், மேல உக்காந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறானே அவனுக்கும் தெரியும். ல்யுப்கா! நீ கத்தணும். நேரா இவகிட்ட. என்ன வேணா கத்து. உன் மாடு மாதிரி கத்தினாலும் சரி."

ல்யுப்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை மூடினாள்.

"ஏப்ரல் வரைக்கும் பேசாதீங்கன்னு சொன்னது நீங்கதானே கோச்," என்றாள் கேப்டன்.

"இது ஏப்ரல்தான்டி!"

எனக்கும் கோபம் வந்தது. "ஸ்தமேனா, அவகிட்ட சொல்லு, யாரும் ஒண்ணும் கத்த வேணாம். என் முதுக நானே பாத்துக்கறேன்."

ஸ்தமேனா துண்டைத் தரையில் வீசினாள். "இங்கதானேடி நிக்கிறா! ஒரு கை தூரத்துல நிக்கிறா! இந்த மேட்ச் முடியட்டும். இனி உங்க ரெண்டு பேரோட மூஞ்சியில நான் முழிச்சா என் பேர் ஸ்தமேனா இல்ல."

விசில் ஊதியது.

இஸ்க்ரா வலது பக்கம் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்து நின்றேன். பந்து மறுபக்கம் உள்ளே வந்தது. இஸ்க்ரா பந்தைக் கேட்பதுபோல் என்னை விட்டு வெளியே ஓர் அடி வைத்தாள், நானும் ஏறி நின்றேன். முதுகைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் பார்க்கவில்லை. இஸ்க்ராவை விட்டுக் கண்ணை எடுத்தால் அவள் பறந்துவிடுவாள், எப்படிப் பார்ப்பது? பின்னால் பலகைத் தரையில் ஷூ கிரீச்சிட்டது. ஹால் முழுக்கக் கத்தியது. அத்தனை சத்தத்துக்கும் மேலே ஒரு குரல் கேட்டது.

"குமா! பின்னாடி! இடது பக்கம்!"

ஸ்தமேனாவிடம் இல்லை. என்னிடம். குமா என்று.

கேட்டவள் என்ன செய்ய வேண்டும் என்பது பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பின்னங்காலை எடுத்து ஸ்கிரீனைச் சுற்றி, இஸ்க்ராவுக்கு முன்னால் கூடைக்குப் போக வேண்டும். நான் திரும்பினேன். சுற்றிப் போகத் திரும்பவில்லை. குரல் வந்த பக்கம் திரும்பினேன். ல்யுப்காவைப் பார்த்தேன். அவள் முகத்தை அவ்வளவு நேராக நவம்பரிலிருந்து பார்த்ததில்லை. கண் சிவந்திருந்தது. வியர்வையா வேறெதுவுமா தெரியவில்லை.

சரி, நான் நின்றேன். அவளாவது ஓடியிருக்கலாம். நான் மாட்டிக்கொண்டால் இஸ்க்ராவைத் தடுக்க வேண்டியது அவள்தான். அவளும் நின்றாள். என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராவ்னாவின் நெட்டைப் பெண், யாராவது வந்து மோதுவார்கள் என்று கையை மார்போடு மடக்கிக் காத்துக்கொண்டிருந்தாள், பாவம், யாரும் மோதவேயில்லை. இஸ்க்ரா எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து போய், பந்தை வாங்கி, கூடையில் வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு பாயிண்டில் தோற்றோம். மூன்றாம் லீகுக்கு இறங்கினோம்.

கோச் உடை மாற்றும் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். ஆட்டம் வரைகிற பலகையை பெஞ்சில் மெதுவாக வைத்தார். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அஞ்சு மாசம் பேசாம இருந்தீங்க. இன்னும் அஞ்சு செகண்ட் பேசாம இருந்திருக்கக் கூடாதா?"

"நீங்கதானே கத்தச் சொன்னீங்க," என்றாள் ல்யுப்கா.

"கத்தச் சொன்னேன். ரெண்டு பேரும் பொண்ணு பாக்க வந்த மாதிரி நின்னு பாத்துக்கச் சொன்னேனா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார். ஒருத்தி ஒருத்தியாகப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஸ்தமேனா கதவருகில் நின்று கேப்டனிடம் சொன்னாள்.

"உள்ள இருக்கிற ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடு, கடைசியா போறவங்க விளக்க அணைக்கணும்னு. நான் அவங்ககூட பேசறதில்ல."

நானும் ல்யுப்காவும் மட்டும் மிஞ்சினோம். தோற்றது வலித்தது. பொய் சொல்ல மாட்டேன். அந்த டீமை இரண்டாம் லீகுக்கு ஏற்ற நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்த வலிக்கு அடியில் வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் இருந்தது. அவள் குமா என்று கூப்பிட்டிருந்தாள்.

ல்யுப்கா முழங்கால் பட்டையைக் கழற்றிச் சுருட்டினாள். மறுபடி பிரித்தாள். மறுபடி சுருட்டினாள்.

"ஏன் நின்ன?" என்றாள்.

"நீ ஏன் நின்ன?"

"நீ நின்ன, அதான் நின்னேன்."

"நான் விழுந்து செத்துடுவேன்னு நெனச்சியா? நாலு மாசமா விழறேன், அப்பல்லாம் கத்தல."

"கத்தினேனே. ஸ்தமேனா லேட்டா சொன்னா நான் என்ன பண்றது?"

"ல்யுப்கா!"

"சரி," என்றாள். பட்டையைப் பைக்குள் திணித்தாள். "உன் விலா எப்படி இருக்கு?"

"வீங்கியிருக்கு."

"ஐஸ் வை. மாட்டுக்குத் தடவுற களிம்பு ஒண்ணு இருக்கு, கொண்டு வரேன். மனுஷங்களுக்கும் கேக்கும்." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நாளைக்கு எத்தன மணிக்கு?"

வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

"பத்து மணிக்கு," என்றேன். "கூப்பிடணுமா?"

"கூப்பிட்டுப் பாரு, வரவே மாட்டேன்," என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள், அசிங்கமாக, மூக்கு ஒழுக. நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். விளக்கை அணைக்க மறந்துவிட்டோம். அதற்கும் திங்கட்கிழமை பேச்சு வாங்கினோம்.

மறுநாள் காலை ஓக்னென்னின் சித்தப்பா மகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்திருந்தாள். மாமியார் பக்கத்தில் நின்றார். ல்யுப்கா உள்ளே வந்ததும் நேராகப் போய் குழந்தைக்குக் கையை நீட்டினாள். மாமியார் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"வந்துட்டியா," என்றார்.

"வராம எங்க போவேன்?"

மாமியார் குழந்தையைக் கொடுத்துவிட்டார். சித்தப்பா மகளிடம், "நீ மெழுகுவர்த்தியப் பிடி," என்றார். அவளும் நல்லவள், பிடித்துக்கொண்டாள்.

டீமில் எல்லோரும் வந்திருந்தார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின் சுவரோரம் நின்றார்கள். கோச் ஒரே இரவில் தாடி வளர்த்தவர் மாதிரி இருந்தார். ஸ்தமேனா எங்களைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள்.

பாதிரியார் குமாவைக் குழந்தையோடு பலிபீடத்துக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்கச் சொன்னார். முறை அப்படி. பிறகு கேட்டார், சாத்தானையும் அவன் செயல்களையும் துறக்கிறாயா என்று. குழந்தைக்குப் பதிலாகக் குமா சொல்ல வேண்டும். பெரும்பாலும் முணுமுணுப்பார்கள்.

"துறக்கிறேன்!" என்றாள் ல்யுப்கா.

மெழுகுவர்த்திகள் ஆடின. லெங்கா அழ ஆரம்பித்தாள். பாதிரியார் ஓர் அடி பின்னால் போய்விட்டு இரண்டாம் முறை கேட்டார், மூன்றாம் முறையும் கேட்டார். ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் ஏறியது. அவள் என்னை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

பின்னால் ஸ்தமேனாவின் குரல் கேட்டது.

"கோச், துன்யாகிட்ட சொல்லுங்க. அவ குமா இந்தத் தொண்டைய பிப்ரவரியிலயே தொறந்திருந்தா நாம ரெண்டாம் லீக்ல இருந்திருப்போம்னு."

கோச் முன்னால் வந்து குனிந்து என் காதில் சொன்னார், ஒரு வார்த்தை விடாமல்.

"கேட்டுச்சுன்னு சொல்லுங்க," என்றேன். "சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவாளான்னும் கேளுங்க."

கோச் பின்னால் போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"மொறையா கூப்பிட்டா வருவாளாம்."

பாதிரியார் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கோயில் அமைதியாக இருந்தது. நான் முழுசாகத் திரும்பி நின்றேன்.

"ஸ்தமேனா!" என்று கத்தினேன். "சாப்பிட வாடி!"

பாதிரியார் தலையை நிமிர்த்தினார். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். சுவரோரம் நின்ற ஸ்தமேனா முதல்முறையாகக் கூரையை விட்டுக் கண்ணை இறக்கினாள்.

"மெதுவா சொல்லு," என்றாள். "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."